மலைப் பிள்ளைகளின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

காலை ஏழரை மணிக்கு மஞ்சூர் கடைவீதியில் நின்றால், தேயிலை பறிக்கச் செல்லும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு விரைவதைக் காணலாம். எடக்காடு, பிக்கட்டி, கீழ்குந்தா, முள்ளிகூர் என்று ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்து போவார்கள். அவர்களிடம் "பிள்ளையை எங்கே விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்று கிடைக்கும்: மாமியாரிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், பால்வாடியில்.

பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இரைக்கும் என்றால் இந்த மூன்று விடைகளுமே தடுமாறத் தொடங்கும். மாமியாரின் அடுப்படியில் புகை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்ஹேலரைப் பிடிக்கத் தெரியாது. தெரிந்தாலும் கை நடுங்கும். பால்வாடி ஊழியரோ, "மருந்து கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்க முடியாது, சளி இருந்தால் அழைத்துவர வேண்டாம்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதன்பின் தாய்க்கு இருப்பது ஒரே வழி: அன்று வேலைக்குப் போகாமல் இருப்பது. மழைக்காலத்தில் அப்படிப்பட்ட நாள்கள் மாதத்தில் பல வரும்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் பாதுகாப்பான பராமரிப்பு என்பது ஒரு குடும்பத்தின் சொந்தக் கவலையாகவே இதுவரை பார்க்கப்பட்டு வருகிறது. நல்ல பாட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் விதி. இது அதிர்ஷ்டத்துக்கு விடவேண்டிய செய்தியன்று. எளிதில் கற்பிக்கக்கூடிய சில செயல்களும், மிகக் குறைந்த செலவும், சட்டத்தில் ஒரு சிறு மாற்றமும் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இயல்பு

ஆஸ்துமாவில் நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்கள் எப்போதும் சற்று வீங்கி, சிறு தூண்டலுக்கும் சுருங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. சளிக் காய்ச்சல், குளிர்ந்த காற்று, புகை, தூசி, பூஞ்சை, கடுமையான வாசனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பட்டால், குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் மேலும் வீங்குகிறது, கோழை அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியே வர இயலாமல் திணறும்போது விசில் போன்ற ஓசை கேட்கிறது. மக்கள் இதனை "வீசிங்" என்கிறார்கள். பழைய தலைமுறையினர் இழுப்பு என்றும் இரைப்பு என்றும் சொல்வார்கள்.

ஐந்து வயதுக்குள் மூச்சு இரைக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆஸ்துமா இருப்பதில்லை. பலருக்குச் சளிக் கிருமிகளால் வரும் இரைப்பு வளர வளர மறைந்துவிடும். ஆனால், எந்தக் குழந்தைக்கு மறையும், எதற்கு நீடிக்கும் என்பதை அந்த வயதில் உறுதியாகச் சொல்வது மருத்துவர்களுக்கே கடினம். பராமரிப்பவருக்கோ இந்த வேறுபாடு தேவையில்லை. இரைப்பு வந்த நேரத்தில் செய்யவேண்டியது ஏறத்தாழ ஒன்றேதான்.

இந்தியாவில் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் இது எட்டில் ஒரு பங்கு. ஆனால், உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. நோயாளிகளின் பங்குக்கும் மரணங்களின் பங்குக்கும் இடையிலான இந்த இடைவெளியை ஒரு பொருளாதார ஆசிரியன் எளிதில் கடந்துபோக இயலாது. நம்முடைய ஆஸ்துமா மற்ற நாட்டு ஆஸ்துமாவைவிடக் கொடியது என்பதற்கு ஆதாரமில்லை. நோய் கண்டறியப்படுவது தாமதம், நாள்தோறும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்து பெரும்பாலோருக்குச் சேர்வதில்லை, தாக்குதல் வரும் நேரத்தில் அருகில் மருந்தும் தெரிந்த கையும் இருப்பதில்லை. கடைசியாகச் சொன்னதுதான் குழந்தைப் பராமரிப்போடு நேரடியாகத் தொடர்புடையது.

மஞ்சூரின் தனிச் சூழல்

நகரத்து ஆஸ்துமாவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வாகனப் புகை, கட்டுமானத் தூசி என்று பட்டியல் நீளும். மலைக்காற்று தூய்மையானது, அங்கே இந்த நோய்க்கு இடமில்லை என்ற எண்ணம் சமவெளியில் பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மை. மஞ்சூரின் வெளிக்காற்று நல்ல காற்றுதான். குழந்தை சுவாசிப்பதோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை.

தென்மேற்குப் பருவமழையில் குந்தா மலைகள் நாள்கணக்கில் மூடுபனிக்குள் இருக்கும். 2019 ஆகஸ்டில் அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய ஈரத்தில் சுவர்கள் கறுத்துப் பூஞ்சை பூக்கும், கம்பளிகள் காயமாட்டா, துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. அப்போது சன்னல்களை இறுக அடைத்துக்கொண்டு, இரும்புச் சட்டியில் கரி நெருப்பை வைத்துக் குளிர் காய்வது பழக்கம். எரிவாயு இணைப்பு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கு விறகுதான். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது அன்பின் அடையாளம். இரைப்பு உள்ள குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு தூண்டல். அடைத்த அறையில் கரி நெருப்பு வைப்பது எவருக்கும் உயிராபத்து. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இரட்டை ஆபத்து.

தொலைவு இன்னொரு சிக்கல். மஞ்சூரிலிருந்து உதகையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. மறுபக்கம் கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலை கொண்டை ஊசி வளைவுகளும் யானை நடமாட்டமும் நிறைந்தது. மஞ்சூருக்கும் அப்பால் கிண்ணக்கொரை போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு மஞ்சூர் வருவதே ஒரு பயணம். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ 108 ஆம்புலன்சும் காத்து நிற்கவேண்டியதுதான். நகரத்தில் பத்து நிமிடத்தில் மருத்துவமனையை அடைந்துவிடலாம் என்பதால் பராமரிப்பாளரின் அறியாமை ஓரளவு மன்னிக்கப்படும். மலையில் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையின் மருத்துவமனை, அதைப் பார்த்துக்கொள்ளும் கைகள்தாம்.

பாதுகாப்பு என்பதன் பொருள்

அப்படியானால் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

முதலாவது, இடம். புகையில்லாத, ஈரம் கோக்காத, காற்றோட்டமுள்ள ஓர் அறை. அடுப்பு வேறு அறையில் இருக்க வேண்டும். பீடி, சிகரெட், கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. பெருக்கும்போது குழந்தை வெளியே இருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைப்பது மேலும் நல்லது. தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளில் குழந்தையை அப்பக்கம் கொண்டுசெல்லக் கூடாது.

இரண்டாவது, மருந்து. ஆஸ்துமாவுக்கு இருவகை மருந்துகள் உண்டு. உட்சுவர் வீக்கத்தைக் குறைக்க நாள்தோறும் எடுப்பது தடுப்பு மருந்து. இதைக் காலையும் இரவும் வீட்டிலேயே பெற்றோர் கொடுத்துவிடலாம். இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துவது நிவாரண மருந்து. பெரும்பாலும் அது சால்பியூட்டமால். இந்த இரண்டாவது மருந்து குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். தாயின் பையில் கொழுந்துக் காட்டிலோ வீட்டு அலமாரியிலோ இருந்து பயனில்லை.

இன்ஹேலரைப் பற்றி நம் மக்களிடம் நிலவும் அச்சத்தை இங்கே பேசியாக வேண்டும். "வாயில் வைத்துப் பழக்கினால் வாழ்நாள் முழுவதும் விடமுடியாது, சிரப் போதும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் சிரப் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலிட்டரில், பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம். சிரப்பில் இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றித் தாமதமாக நுரையீரலை அடைகிறது. அதனால்தான் கை நடுக்கமும் படபடப்பும். இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. குறைந்த மருந்து, விரைந்த பலன். பழக்கமாகிவிடும் என்பதற்கு அடிப்படை இல்லை. நோய் நீடிப்பதால் மருந்து நீடிக்கிறது.

சிறு குழந்தையால் அழுத்தும் நொடியிலேயே மூச்சை இழுக்க முடியாது. அதற்காகவே ஸ்பேசர் என்னும் குழல் போன்ற இடைக்கலம் இருக்கிறது. இன்ஹேலரை அதன் ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையிலுள்ள முகமூடியைக் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடுமாறு படியவைத்து, ஒருமுறை அழுத்தி, குழந்தை சில மூச்சுகள் விடும்வரை பிடித்திருந்தால் போதும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முகமூடி தேவை. ஸ்பேசர் வாங்க இயலாத இடங்களுக்கும் விடை தேடியிருக்கிறார்கள்: அரை லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்திச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கியதற்கு இணையாகச் செயல்படுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டித்தந்தால் இதனை யாரும் செய்ய முடியும்.

மூன்றாவது, அடையாளம் காணும் கண். இருமல் கூடுவது, இரவில் தூக்கம் கெடுவது, விளையாட்டை நிறுத்திவிட்டு உட்காருவது ஆகியவை முன்னறிவிப்புகள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் சதை உள்வாங்குவது, மூக்குத் துவாரங்கள் விரிவது, கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறுவது, பேசும் குழந்தை இரண்டு சொல்லுக்கு மேல் பேச இயலாமல் நிறுத்துவது ஆகியவை தாக்குதலின் அடையாளங்கள். உதடு நீலம் பாய்வதும் குழந்தை சோர்ந்து கண் சொருகுவதும் உயிராபத்தின் அடையாளங்கள். ஒன்றை எல்லாரும் நினைவில் கொள்ள வேண்டும்: திணறிக்கொண்டிருந்த குழந்தையிடம் விசில் ஓசை திடீரென நின்றுவிட்டால், குணமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காற்றே போகாத நிலையிலும் ஓசை இராது.

நான்காவது, ஒரு தாள். குழந்தையின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை அழுத்தம், எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது 108-ஐ அழைப்பது, பெற்றோரை எப்படித் தொடர்புகொள்வது ஆகியவற்றை மருத்துவர் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரே ஒரு தாள். ஆஸ்திரேலியாவில் இதனை மனத்தில் நிறுத்த "நான்கு, நான்கு, நான்கு" என்ற சூத்திரத்தைக் கற்பிக்கிறார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொன்றாக நான்கு அழுத்தம். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நான்கு மூச்சு. பிறகு நான்கு நிமிடம் பொறுத்தல். தேறவில்லை என்றால் மீண்டும் அதே. அப்போதும் தேறவில்லை என்றால் ஆம்புலன்சை அழைத்து, அது வரும்வரை தொடர்தல். நம் குழந்தைக்கு எத்தனை அழுத்தம் என்பதை நம் மருத்துவரே எழுதித் தரவேண்டும். ஆனால், இவ்வளவு எளிய வடிவில் எழுதித் தரவேண்டும் என்பதே பாடம்.

இடம், மருந்து, கண், தாள். எட்டாம் வகுப்புப் படித்த ஒருவருக்கு அரைநாளில் கற்பித்துவிடலாம். பிறகு ஏன் மஞ்சூர்த் தாய்க்கு இது கிடைக்கவில்லை?

சட்டம் எண்ணுவது யாரை?

தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் என்பது புதிய கருத்தன்று. இலங்கை மலையகத்தில் அதைப் பிள்ளை மடுவம் என்றும் பிள்ளைக் காம்பரா என்றும் தலைமுறைகளாக அழைத்து வருகிறார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறியவர்களில் முதியோர் பலருக்கு அந்தச் சொல் இன்னும் நினைவிருக்கும்.

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறைகளும், பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பும் கட்டாயம் என்றது. இதில் ஒரு பொருளாதாரப் பிழை இருந்தது. பெண்களின் எண்ணிக்கையால் கடமை பிறக்கிறது என்றால், பெண்களைக் குறைத்துக் காட்டுவது முதலாளிக்கு ஆதாயமாகிவிடுகிறது. 1981-ஆம் ஆண்டின் திருத்தம் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்தது. குழந்தைகள் இருபது பேர் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020 நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அது பெண்களை மட்டும் எண்ணாமல் மொத்தத் தொழிலாளர்களையும் எண்ணுகிறது: ஐம்பது பேர் இருந்தால் காப்பகம். குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது நல்ல முன்னேற்றம்.

ஆனால், மஞ்சூருக்கு இதனால் பெரும் பயனில்லை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் பழைய சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் "தோட்டம்" என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. குந்தா வட்டாரமோ சிறு விவசாயிகளின் பூமி. அரை ஏக்கர், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள் பசுந்தேயிலையைப் பறித்துக் கூட்டுறவு ஆலைக்கோ தனியார் ஆலைக்கோ கொடுக்கிறார்கள். பறிக்கும் பெண் இன்று ஒருவர் காட்டில், நாளை இன்னொருவர் காட்டில். அவளுக்கு ஐம்பது பேர் கொண்ட முதலாளி யாருமில்லை. சிறு விவசாயியிடம் காப்பகம் கட்டச் சொல்வதும் நியாயமன்று. பசுந்தேயிலை விலைக்காக ஆண்டுதோறும் போராடிக்கொண்டிருப்பவர் அவர். இந்த ஏற்பாட்டில் எவரும் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் குழந்தைக்குக் காவல் இல்லை.

காரணம் எளிது. சட்டம் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களை எண்ணுகிறது. ஓர் ஊரின் குழந்தைகளை எண்ணுவதில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்கு மாற்றான ஒரு வழியைக் காட்டியிருந்தது. வேலையிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்றது அது. நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு கேள்வி. குழந்தைகளை எண்ணியது என்பதுதான் அதன் சிறப்பு.

அங்கன்வாடி என்னும் அடித்தளம்

ஊரின் குழந்தைகளை எண்ணும் ஒரே அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. மலைக்கிராமங்களிலும் அவை உண்டு. மஞ்சூர்த் தாயின் தேவைக்கு அவற்றில் மூன்று குறைகள் உள்ளன.

ஒன்று, நேரம். மையம் பிற்பகலிலேயே முடிந்துவிடும். கொழுந்து எடைபோட்டு முடியவோ மாலையாகிவிடும். இரண்டு, வயது. முன்பருவக் கல்விக்கு இரண்டு வயது நிறைந்த குழந்தைகளே பகலில் தங்குகிறார்கள்; கைக்குழந்தைக்குச் சத்துமாவு உண்டு, தொட்டில் இல்லை. மூன்று, மருந்து. ஊழியருக்குப் பயிற்சியும் இல்லை, எழுத்துமூலமான பாதுகாப்பும் இல்லை. நல்லெண்ணத்தில் மருந்து கொடுத்து ஏதாவது நேர்ந்தால் தன்மேல் பழி வரும் என்று அவர் அஞ்சுவது இயல்பே.

முதல் இரண்டு குறைகளுக்கு வழி இருக்கிறது. 2022 முதல் மிஷன் சக்தியின் ஓர் அங்கமாக உள்ள பால்னா திட்டம், அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைத்து நடத்த உதவுகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு, தனியே ஒரு காப்பகப் பணியாளரையும் உதவியாளரையும் அமர்த்த அதில் இடமுண்டு. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசும் 40 விழுக்காடு மாநில அரசும் ஏற்கின்றன. நீலகிரியில் பெண்கள் பெருமளவில் கூலி வேலைக்குச் செல்லும் ஊர்களுக்கு இதில் முன்னுரிமை கேட்பது மாவட்ட நிர்வாகத்தால் இயலக்கூடிய செயல்.

மூன்றாவது குறைக்கும் பாதி விடை அரசுக் கோப்பிலேயே இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்குச் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் தேடவேண்டிய முப்பது குறைபாடுகளின் பட்டியலில் இரைப்பு நோயும் ஒன்று. ஆகவே, இந்தக் குழந்தைகளைக் கண்டறியும் கடமை அரசுக்கு ஏற்கெனவே உண்டு. கண்டறிந்த பின் பரிந்துரைச் சீட்டு மட்டும் எழுதாமல், மேலே சொன்ன அந்த ஒரு தாளையும் எழுதி ஊழியரிடம் கொடுத்து, ஸ்பேசரைப் பிடிக்கவும் காட்டித்தந்துவிட்டு வந்தால் வட்டம் முழுமையாகும்.

இப்போது யார் செலவழிக்கிறார்கள்?

"இதற்கெல்லாம் பணம்?" என்று நிதித்துறை கேட்கும். கேட்க வேண்டியதுதான். ஆனால், இப்போது செலவே இல்லை என்று எண்ணுவது பிழை. செலவு அரசின் கணக்கில் வரவில்லை, அவ்வளவே.

ஒரு தாக்குதல் வந்தால் தாய்க்கு இரண்டு, மூன்று நாள் கூலி போகிறது. தோட்டக் கூலி இன்று நாளொன்றுக்கு நானூறு ரூபாய்க்கு மேல். இரவில் வாடகை வண்டி எடுத்து உதகை போய்வந்தால் மேலும் பல நாள் கூலி கரைகிறது. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பெண்ணை மேஸ்திரி அழைப்பதைக் குறைத்துக்கொள்கிறார். சில வீடுகளில் தாய்க்குப் பதில் பன்னிரண்டு வயது அக்கா பள்ளிக்கு மட்டம் போடுகிறாள். அந்த நாள்களின் விலை அவளுடைய வாழ்நாள் வருமானத்தில் கழிக்கப்படும். பாட்டியின் உழைப்புக்கோ எவரும் விலை போடுவதே இல்லை.

மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு மையத்துக்கு ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலர். பொதுவாக அதில் 200 அழுத்தங்கள் இருக்கும். சந்தை விலையே இருநூறு ரூபாய் அளவில்தான். இரண்டு ஸ்பேசர், முகமூடிகள், அரைநாள் பயிற்சி, தாள் அச்சிடும் செலவு. எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் ஒரு மையத்துக்கு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாது என்பது என் மதிப்பீடு. நான்கைந்து நாள் தோட்டக் கூலிக்குச் சமம். ஒரே ஒரு குழந்தையின் ஒரே ஓர் இரவுப் பயணம் தவிர்க்கப்பட்டாலும் சமூகக் கணக்கில் முதல் திரும்பிவிடுகிறது. பாலர்நலத்தில் இவ்வளவு உறுதியான ஆதாயம் தரும் முதலீடுகள் அதிகமில்லை.

சட்டப் பாதுகாப்புக்கும் முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் 1 முதல் பள்ளிகள் அவசரத் தேவைக்கு சால்பியூட்டமால் இன்ஹேலரை, தனி நபருக்கான மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கி வைத்துக்கொள்ள விதிகள் திருத்தப்பட்டன. ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா அவசரப் பயிற்சி பெற்ற ஒருவர் பணியில் இல்லாமல் குழந்தைகள் காப்பகம் இயங்கக் கூடாது என்பது விதி. இரண்டு நாடுகளும் பெரும் மருத்துவமனைகள் நிறைந்தவை. அங்கேயே முதல் சில நிமிடங்களைக் காப்பகத்தின் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். சாலையே அடைபடக்கூடிய குந்தா மலைக்கு அது இன்னும் பொருந்தும்.

நீலகிரி மாவட்ட நிர்வாகமும், குழந்தை வளர்ச்சித் துறையும், பொதுச் சுகாதாரத் துறையும் ஒன்றாக அமர்ந்து நான்கு முடிவுகளை எடுக்கலாம். ஒவ்வோர் அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன் மே மாதத்தில், அரைநாள் பயிற்சி. ஒவ்வொரு மையத்திலும் ஓர் இன்ஹேலரும் ஸ்பேசரும். மருத்துவரின் எழுத்துமூலமான தாளின்படி நல்லெண்ணத்தோடு மருந்து கொடுக்கும் ஊழியர்மேல் நடவடிக்கை வராது என்று தெளிவாகக் கூறும் ஓர் அரசாணை. கூலிப் பெண்கள் மிகுந்த ஊர்களில் மாலைவரை இயங்கும் காப்பகம். ஐந்து ஹெக்டேர் எல்லைக்கு வெளியே இருக்கும் தோட்டங்களுக்கு, தேயிலை ஆலைகள் கிலோவுக்கு ஒரு சில காசு வழங்கும் ஒரு பொது நிதியை உருவாக்கலாம். இலை எந்தக் காட்டிலிருந்து வந்தாலும் ஆலையில்தான் கூடுகிறது. பொறுப்பையும் அங்கே கூட்டுவதே முறை.

தாய் இன்றே செய்யக்கூடியது

அரசாணை வரும்வரை குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திராது. ஆகவே, பெற்றோருக்குச் சில சொற்கள்.

மருத்துவரிடம் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஸ்பேசர் பிடிக்க அவர் மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்துகாட்டட்டும். கேட்டறிவதற்கும் செய்தறிவதற்கும் வேறுபாடு பெரிது. "தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள், கேட்பது உரிமை. ஒரு செட் மருந்து வீட்டில், ஒரு செட் குழந்தை இருக்கும் இடத்தில். இன்ஹேலரில் எத்தனை அழுத்தம் மீதமுள்ளது என்பதை எண்ணி வாருங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்பத்தக்கதன்று. ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் தானே உலரவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று தடுப்பு மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

பாட்டிமாரிடம் சாம்பிராணியைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதை அறிவேன். "உங்கள் முறை தவறு" என்று தொடங்கினால் கதவு அடைபடும். "இந்தப் பிள்ளைக்கு மட்டும் புகை ஆகாதென்று டாக்டர் சொன்னார், அத்தை" என்று சொன்னால் திறந்தே இருக்கும். பிள்ளைமேல் அவர்களுக்குள்ள அன்பில் குறையொன்றுமில்லை.

தேயிலை உலகின் பல மேசைகளில் காலைப்பொழுதின் இதமாக மணக்கிறது. அதன் விலையில் உரம், கூலி, விறகு, போக்குவரத்து எல்லாம் கணக்கிடப்படுகின்றன. பறித்த பெண் அன்று காலை தன் பிள்ளையை யாரிடம் விட்டுவந்தாள் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரண்டாயிரம் ரூபாயும் ஒரு தாளும் அரைநாள் பயிற்சியும் கொண்டு அந்தக் கணக்கை நேர்செய்ய முடியும். அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இதைச் செய்துவிட்டால், இரைப்பு உள்ள பிள்ளையின் தாயும் மற்றப் பெண்களோடு காலை ஏழரை மணிக்குக் கொழுந்துக் காட்டுக்கு நடக்கலாம்.